வயதானால் தசைநாண் தளர்ந்துவிடுமா? ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதற்குப் பின்னால் இருக்கும் எண்களும்

"இடது அக்கிலீஸ் தசைநாண்: தடிமன் 6.4 மி.மீ. லேசான தடிப்பு. வயது சார்ந்த மாற்றமாக இருக்கலாம்."

பெங்களூருவில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் கையில் கொடுத்த ரிப்போர்ட்டின் கடைசி வரி இது. அப்போது எனக்கு வயது 36. வாரத்தில் இரண்டு நாள் பேட்மிண்டன், மீதி ஐந்து நாள் நாற்காலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே கத்தி வைத்த மாதிரி வலி. பத்து நிமிடம் நடந்தால் போய்விடும், சாயங்காலம் திரும்ப வரும். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எடுத்தவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

வயது சார்ந்த மாற்றமா? 36-லயா?

தரவுகளோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் எனக்கு அடுத்த கேள்வி தானாகவே வந்தது. 6.4 என்பது எதோடு ஒப்பிட்டு அதிகம்? வயதானால் தசைநாண் இப்படித்தான் மாறும் என்று யார், எத்தனை பேரை, எப்படி அளந்து சொன்னார்கள்? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. உங்களுக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருக்கலாம், அல்லது ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வந்திருக்கலாம்.

நரம்பு இல்லை, நாண்

"நரம்பு இழுத்துக்கிச்சு" என்று நம் ஊரில் சொல்வதில் பாதிக்கும் மேல் நரம்பு சம்பந்தப்பட்டதே இல்லை. நரம்பு என்பது மூளையிலிருந்து சிக்னல் கொண்டுபோகும் வயர். தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறுதான் தசைநாண், அதாவது டெண்டான். வில்லில் இருக்கும் நாண் போலவே இதுவும் இழுவிசையைத் தாங்குவதற்காக உருவானது. உடம்பிலேயே பெரியது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் கெட்டியாக ஒரு கயிறு தட்டுப்படும். அதுதான்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாரைத் திரித்துக் கயிறு, கயிறுகளை முறுக்கி இன்னும் பருமனான கயிறு, அவற்றைச் சேர்த்து வடம். கொலாஜனும் அப்படித்தான் இழை, இழைக்கட்டு, கட்டுகளின் கட்டு என்று அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது.

வடம் இழுக்கும்போது இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கூட்டம் இழுக்க ஆரம்பித்த உடனே தேர் நகராது. முதலில் வடம் நீண்டு விறைக்கும், அதற்கு அப்புறம்தான் தேர் அசையும். வடம் எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் வீண். தசைநாணிலும் இதே கதைதான். மாடிப்படியில் கால் இடறிவிட்டால், விழாமல் நிற்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் தசை இழுத்து, நாண் விறைத்து, எலும்பு நகர வேண்டும். இந்த விறைப்பைத்தான் ஆய்வாளர்கள் ஸ்டிஃப்னஸ் என்கிறார்கள். ஆஃபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து "உடம்பெல்லாம் ஸ்டிஃப்பா இருக்கு" என்கிறோமே, அது வேறு. இங்கே விறைப்பு ஓரளவு இருப்பது நல்லது.

கத்தி வைக்காமல் எப்படி அளப்பது?

ஒரு காலத்தில் தசைநாணின் பலத்தை அளக்க இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்து இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்கள். உயிரோடு இருப்பவர்களிடம் அளந்த கதை இன்னும் சுவாரஸ்யம். ஃபின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் பாவோ கோமி என்ற ஆய்வாளர், தன்னார்வலர்களின் காலில் சின்ன அறுவைசிகிச்சை செய்து, அக்கிலீஸ் நாணைச் சுற்றி ஒரு உலோக பக்கிளைப் பொருத்தி, அவர்களை ஓடவிட்டு விசையை அளந்தார். ஓடும்போது அதிகபட்சம் 9 கிலோநியூட்டன் வரை பதிவானது. ஏறக்குறைய 900 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஷட்டில் கோர்ட்டில் பாய்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு என்ன பாடுபடுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 70 வயது தாத்தாவின் காலைக் கீறி பக்கிள் மாட்ட முடியாது. வழி கிடைத்தது 1990களில். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்டை, ஜப்பானிய ஆய்வாளர்கள் அசையும் தசைநாண் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முறை இதுதான். கால் பாதத்தை ஒரு பலகையில் கட்டிவிடுவார்கள். கெண்டைக்கால் தசை முடிந்து நாண் தொடங்குகிற இடத்தில் ஜெல் தடவி ப்ரோபை வைப்பார்கள். "மெதுவா அழுத்துங்க, அழுத்துங்க, இன்னும்..." என்று சில வினாடிகள். அழுத்தும்போது திரையில் அந்தச் சந்திப்புப் புள்ளி நகர்வது தெரியும். அது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பது நாண் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும். பலகையில் இருக்கும் சென்சார் விசையைச் சொல்லும். இரண்டையும் வரைபடமாகப் போட்டால் கிடைக்கிற கோட்டின் சரிவுதான் ஸ்டிஃப்னஸ்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கவனித்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அழுத்தும்போது குதிகால் பலகையிலிருந்து கொஞ்சம் எழும்பும். அந்த அசைவைக் கழிக்காவிட்டால் நாண் உண்மையில் நீண்டதைவிட அதிகமாக நீண்டதாகக் கணக்கு வரும். ப்ரோப் தோல் மேல் சற்று வழுக்கினாலும் அதே பிரச்சனை. ப்ரோப் நாணுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால், ஆரோக்கியமான நாண்கூடத் திரையில் கறுப்பாக, அடிபட்டது போலத் தெரியும். அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் ப்ரோப் மேலும் குதிகால் மேலும் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து, எல்லா அசைவையும் தனித்தனியாகக் கழிக்கிறார்கள்.

ஃபின்லாந்தின் 100 பேர்

அதே யுவாஸ்கூலாவிலிருந்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 100 பேர். அதில் 33 பேர் சராசரியாக 24 வயது, 67 பேர் சராசரியாக 75 வயது. எல்லாருக்கும் அக்கிலீஸ் நாணை மேலே சொன்ன முறையில் அளந்தார்கள்.

முதியவர்களின் நாணில் விறைப்பு 17% குறைவு. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நாண் எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளின் தரம், அதாவது யங் குணகம், 32% குறைவு. நாணின் குறுக்குப் பரப்பளவோ 16% அதிகம்!

அதாவது கயிறு தரத்தில் தளர்ந்திருக்கிறது, ஆனால் பருமனாகியிருக்கிறது. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். நீளம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், விறைப்பு என்பது பொருளின் தரத்தைப் பரப்பளவால் பெருக்கியதைப் பொறுத்தது. தரம் 0.68 மடங்கு, பரப்பளவு 1.16 மடங்கு. பெருக்கினால் 0.79. சுமார் 21% குறைய வேண்டும். நேரடியாக அளந்ததில் 17%. சராசரிகளை வைத்துப் போட்ட முரட்டுக் கணக்குக்கு இது நல்ல பொருத்தம். பருமனாகாமல் இருந்திருந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். தரத்தில் இழந்ததை உடம்பு அளவில் ஈடுகட்டப் பார்க்கிறது என்பதுதான் ஆய்வாளர்களும் முன்வைத்த விளக்கம்.

இப்போது என் ரிப்போர்ட்டில் இருந்த "தடிப்பு" என்ற சொல்லைத் திரும்பப் படித்தேன். தடிப்பு என்றாலே நோய் என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு ஈடுகட்டலாகவும் இருக்கலாம்.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது வேறொன்று. தசை பலம் அதிகமாக இருப்பவர்களுக்கு நாணின் விறைப்பும் அதிகமாக இருந்தது. பலத்தில் ஒத்த இளைஞர்களையும் முதியவர்களையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது, விறைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் 17% என்பது வயதின் விலையா, அல்லது வயதானதும் நாம் பலத்தை விட்டுவிடுவதன் விலையா?

இந்த இடத்தில் ஒரு தரவுப் பத்திரிகையாளராக பிரேக் போட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வு 24 வயதுக்காரர் ஒருவரை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து அளக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு தலைமுறைகளை அளந்து ஒப்பிட்டது. அந்த 75 வயதுக்காரர்கள் போருக்கு முந்தைய ஃபின்லாந்தில் பிறந்தவர்கள். சாப்பாடு, வேலை, வளர்ந்த விதம் எல்லாமே வேறு. எனவே "வயதானால் 17% குறையும்" என்று தலைப்பு போட்டால் அது தப்பு. "வயதானவர்களிடம் 17% குறைவாக இருந்தது" என்பதுதான் சரி.

எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவும் இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணை எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டும் வைத்து அளந்த 2008-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரே அளவு விசையில் ஒப்பிட்டால் இளையோருக்கும் முதியோருக்கும் விறைப்பில் வித்தியாசம் இல்லை என்றது. 2009-ல் டென்மார்க்கில் நாணிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்தும் பார்த்தார்கள். முதியவர்களிடம் கொலாஜன் குறைவு, ஆனால் இழைகளுக்கு நடுவே சர்க்கரை மூலக்கூறுகள் போடும் முடிச்சுகள் அதிகம். ஒன்று தளர்த்தும், மற்றது இறுக்கும். மொத்தத்தில் விறைப்பு மாறவில்லை. உடம்பில் இரண்டு எதிரெதிர் வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதும், காலில் எந்த நாணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதும் இதில் தெரிகிறது.

அந்த சர்க்கரை முடிச்சுகள் நமக்கு வெறும் தியரி இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி மையம் ஒன்றின் தலைமையில் நடந்த ஆய்வு அது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் கொலாஜன் இழைகளுக்கு நடுவே இந்த முடிச்சுகள் வேகமாக விழும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசைநாண் கோளாறு அதிகம் வருவதற்கு இது ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது.

அணுகுண்டு சொன்ன சாட்சி

ஒரு சின்ன கிளைக்கதை. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. பிறகு சோதனைகளை நிலத்துக்கடியில் மாற்றியதும் மெல்லக் குறைந்தது. அந்தக் கார்பன் செடிக்குள் போய், சோற்றுக்குள் போய், எல்லாருடைய உடம்புக்குள்ளும் போனது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ, அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் முத்திரை குத்தினாற்போல் இருக்கும்.

2013-ல் டேனிஷ் ஆய்வாளர்கள் அக்கிலீஸ் நாணின் நடுப்பகுதியில் இந்த முத்திரையைப் படித்தார்கள். அதில் இருந்தது, அந்த நபருக்கு 17 வயது ஆகும்வரை இருந்த காற்றின் அளவு. தசையில் அப்படி இல்லை, அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதாவது உங்கள் அக்கிலீஸ் நாணின் மையப்பகுதி நீங்கள் ப்ளஸ் டூ படித்தபோது கட்டி முடித்தது. அதே கயிற்றில்தான் ஷட்டில் ஆடுகிறீர்கள். பழுது பார்ப்பதும் காயம் ஆறுவதும் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

அப்போ திரும்ப விறைக்க வைக்கவே முடியாதா?

முடிகிறது. மையம் புதுப்பிக்கப்படாவிட்டாலும், நாணின் நடத்தை மாறுகிறது. 2003-ல் பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வில் 18 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பயிற்சி பெற்ற குழுவின் சராசரி வயது 74. வாரம் மூன்று முறை, 14 வாரம், கால்களுக்கு எடைப்பயிற்சி. சும்மா காலை ஆட்டுவது இல்லை, நல்ல கனமான எடை.

முன்னும் பின்னும் அல்ட்ராசவுண்டில் அளந்ததில் முழங்கால் தசைநாணின் விறைப்பு 65% உயர்ந்திருந்தது. அளவு பெருக்காமல், பொருளின் தரமே 69% கூடியிருந்தது. கால் விசையைத் திரட்டும் வேகம் 27% அதிகரித்தது. தேர் வடத்தில் சொன்ன அந்த வீண் நேரம் குறைந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இடறும்போது தாங்கிப் பிடிக்கத் தேவைப்படுவது இந்த வேகம்தான்.

9 பேரின் காலில் கிடைத்த எண் என்பதால் 65 என்ற அளவை நான் அப்படியே நம்ப மாட்டேன். சின்ன ஆய்வுகளில் விளைவு பெரிதாகத் தெரிவது சகஜம். ஆனால் திசை சரி. 2015-ல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர்களும் இதையே சொன்னார்கள்: சுமை கனமாக இருக்க வேண்டும், குறைந்தது 12 வாரமாவது தொடர வேண்டும். என்ன வகை உடற்பயிற்சி என்பதைவிட எவ்வளவு சுமை என்பதுதான் தசைநாணுக்குக் கேட்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம். 68 வயதான என் அப்பாவுக்கு டாக்டர்கள் சொன்னதெல்லாம் "வாக்கிங் போங்க, போதும்". நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தினமும் நடந்து பழகிய காலுக்கு, அதே நடை தசைநாணைப் பொறுத்தவரை புதிதாக ஒரு சுமையும் இல்லை. வயதானவர்களிடம் எடை தூக்கச் சொல்லவே நமக்கு பயம்.

சரி, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

மறுபடி 6.4 மி.மீ.க்கு வருவோம். அக்கிலீஸ் நாணின் தடிமன் பெரியவர்களுக்குப் பொதுவாக 4 முதல் 6 மி.மீ. இருக்கும். 6-ஐத் தாண்டினால் தடிப்பு என்று எழுதுவது வழக்கம். ஃபின்லாந்து ஆய்வில் இரண்டு தலைமுறைக்கும் இருந்த 16% பரப்பளவு வித்தியாசத்தைத் தடிமனாக மாற்றினால், 5 மி.மீ. நாணில் அது சுமார் 0.4 மி.மீ. தான். 50 வருட வித்தியாசமே அவ்வளவுதான் என்றால், ப்ரோபை வைத்த கோணமும் கர்சரை வைத்த இடமும் ஒரு ரிப்போர்ட்டை எந்தப் பக்கமும் தள்ளிவிடலாம். ஐந்து நிமிட ஸ்கேனில் இதை "வயது சார்ந்த மாற்றம்" என்று எழுதியதற்கு என்ன ஆதாரம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வலி இல்லாத வலது காலையும் அளந்து எழுதியிருந்தால் ஒப்பிடவாவது உதவியிருக்கும்.

இன்னொரு ஆய்வை யாராவது ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கும்போதெல்லாம் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவில் 40 முதல் 70 வயது வரையிலான 51 ஆண்களுக்குத் தோள்பட்டையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். ஒருவருக்கும் தோள் வலி கிடையாது. ஆனாலும் 96% பேருக்கு ஏதோ ஒரு "கோளாறு" படத்தில் தெரிந்தது. 39% பேருக்குத் தசைநாணில். படத்தில் தெரிவதும் வலிப்பதும் ஒன்றல்ல.

சில பெரிய மருத்துவமனைகளில் எலாஸ்டோகிராஃபி என்று புது வசதி இருக்கிறது. ஒலி அலையாலேயே திசுவை லேசாகத் தட்டி, அந்த அதிர்வு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்ப்பது. வேகம் கூடினால் விறைப்பு அதிகம். கல்லீரலுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தசைநாண் ஏற்கனவே மிகவும் விறைப்பானது என்பதால், ஆய்வுகளில் பயன்பட்ட சில கருவிகளின் உச்சவரம்பான வினாடிக்கு சுமார் 16 மீட்டரை எளிதில் தொட்டுவிடும். போதாததற்கு பாதத்தைக் கொஞ்சம் மடக்கினாலே எண் மாறும். கலர் கலராக வரும் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

இந்தியாவில் ஏன் இது சிக்கலானது?

வெளிநாடுகளில் பிசியோதெரபிஸ்ட் மைதானத்திலேயே கையடக்க ப்ரோபை போனில் சொருகி வீரரின் காலைப் பார்ப்பதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படிச் செய்ய முடியாது. காரணம் தசைநாண் இல்லை, பெண் குழந்தைகள். 1991 கணக்கெடுப்பில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 927. கருவில் பாலினம் பார்த்துக் கலைப்பதைத் தடுக்க 1994-ல் கொண்டுவந்து 2003-ல் இறுக்கிய பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி, பதிவு பெறாத யாருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை விற்கவே கூடாது. கையில் தூக்கிப் போகும் கருவிகளுக்கு 2012-ல் இன்னும் கடுமையான விதிகள் வந்தன. குதிகாலை மட்டும் பார்க்கிறேன் என்றாலும் கருவி கருவிதான்.

அந்தச் சட்டம் தேவையில்லை என்று சொல்லும் தைரியம் அந்த எண்களைப் பார்த்த எவருக்கும் வராது. ஆனால் விலை ஒன்று இருக்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000-க்கும் அதிகமானவர்களை 2017-18-ல் வீடு வீடாகப் போய்ச் சந்தித்த லாசி ஆய்வு, கைப்பிடி பலத்தை அளந்தது, முதியவர்கள் நடக்கும் வேகத்தை அளந்தது, சமநிலையைச் சோதித்தது. தசைநாணை அளக்கவில்லை. 2011-லேயே 60 வயது தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்த நாட்டில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, குந்தி எழுந்து, செருப்பில்லாமல் நடந்து வளர்ந்த கால்களுக்கு ஃபின்லாந்துக்காரரின் எண்ணை அளவுகோலாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எந்த அளவுகோலும் இல்லாமலே தெரியும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தசைநாணை அறுத்துவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பதித்திருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று என்று நம் வீடுகளில் டாக்டரிடம் போகாமலே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் இவையும் உண்டு. அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை பாருங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது குதிகாலில் புதிதாக வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஷட்டில் ஆடும்போது குதிகாலுக்கு மேலே "பட்" என்று சத்தம் கேட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தால், அதுவும் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற விஷயம் இல்லை. நாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. முதலில் உடம்பு எடை மட்டும், பிறகு முதுகில் லேப்டாப் பை, பிறகு பைக்குள் 5 கிலோ அரிசி, பிறகு 10. முதல் ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். பத்தாவது வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து காபி போட்டு முடித்த பிறகுதான் குதிகால் வலிக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு இப்போது 2 கிலோ.

மறுபடி ஸ்கேன் எடுத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசைதான். "வலி இல்லையே, எதுக்கு?" என்று டாக்டர் எழுதித் தர மறுத்துவிட்டார்.